பாதி அலமாரி

படுக்கையறை அலமாரியை மருமகள் காலையிலிருந்து ஒழித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மலிவு விலைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கூடைகளும் ஜிப் வைத்த பைகளும் கட்டில் முழுக்கக் கிடந்தன. இரண்டு பைகள் பிதுங்கப் பிதுங்க நிரம்பி, ஏற்கெனவே வாசலுக்குப் போயிருந்தன.

“நான் ஏதாவது எடுத்துக் குடுக்கட்டுமா?” என்றாள் மாமியார்.

“வேண்டாம் அத்தை. உங்க சூட்கேஸை மட்டும் கொண்டாங்க.”

மாமியார் போய் அதை இழுத்து வந்தாள்.

“நேத்தே கட்டி வெச்சுட்டேம்மா. நீயா சொல்றவரைக்கும் இருப்போம்னுதான்...”

மருமகள் காதில் வாங்காமல் சூட்கேஸைத் திறந்து, புடவைகளை எடுத்துக் கூடையில் அடுக்க ஆரம்பித்தாள்.

“கட்டினதை ஏம்மா கலைக்கிற? போற இடத்துல மறுபடி யார் மடிக்கிறது?”

“எங்க போறீங்க?”

“வேற எங்க, என் பையன் வீட்டுக்குத்தான்.”

“அவர் கூப்பிட்டாரா?”

மாமியார் கூடையிலிருந்து ஒரு புடவையை எடுத்து மறுபடி சூட்கேஸில் வைத்தாள்.

“நேத்து கோர்ட்ல விவாகரத்து வாங்கினது நானும் உங்க பையனும். உங்களை யார் போகச் சொன்னா? வாசல்ல இருக்கிறது அவர் துணி, ஆள் அனுப்பறேன்னு சொல்லியிருக்கார். அலமாரியில அவர் பக்கம் இனி உங்களுக்கு. கையைத் தூக்கினா உங்களுக்குத் தோள் வலிக்குமேன்னு எல்லாத்தையும் கீழ்த்தட்டுல வைக்கறேன்.”

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கூடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவளுடைய பழைய குரல் திரும்பியது.

“ஊர்ப்பட்ட கூடை வாங்கியிருக்க. எனக்கு ரெண்டுதானா?”