புதியவர்களுக்கு மட்டும்

"என் புள்ளைய வேணாம்னு தள்ளினவன் யாரு? அவன் பேரு எனக்குத் தெரியணும். வாயால சொன்னா பத்தாது, எழுத்துல வேணும்!"

உத்திராபதி மேசையில் தட்டிய வேகத்தில் தண்ணீர் பாட்டில் சாய்ந்து உருண்டது. அது கீழே விழுவதற்குள் குந்தவை பிடித்துவிட்டாள்.

பூம்புகார்க் கடற்கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் இலவசமாகப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித் தருகிற முகாம் அது. தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் குந்தவைதான் பயிற்சியாளர். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கக் கிளம்பியவளைத்தான் உத்திராபதி வழிமறித்து உட்கார வைத்திருந்தார்.

"யாரும் தள்ளலைண்ணே. இந்த முகாம் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு மட்டும். நீங்க தினம் கடலுக்குப் போறவங்க. உங்க வீட்டுப் பிள்ளைக்கு நான் என்னத்தைப் புதுசா சொல்லித் தர்றது?"

"அப்ப யாருக்குச் சொல்லித் தருவீங்க?" மூங்கிலில் ஒட்டியிருந்த பட்டியலில் விரலை வைத்துக் குத்தினார். "பூதலூர்ல ஆறு பேரு. நன்னிலத்துல நாலு பேரு. வாய்க்கால்ல முழங்கால் தண்ணியத் தவிர வேற தண்ணி பாத்திருக்குமா இதுங்க? இதுங்க எங்க கடல்ல படகு ஓட்டும். எங்க புள்ள மட்டும் கரையில நின்னு வேடிக்கை பாக்கணும். நல்லாருக்கும்மா உங்க நியாயம்!"

பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்த நாளிலிருந்து பரிதிக்கு இதே பேச்சுதான். பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்ததும் பேச்சும் நின்றது, சோறும் நின்றது. மனைவி கமலவல்லி இரண்டு நாளாகத் தட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். "ஊருக்கெல்லாம் சண்டை போடுவீங்க, பெத்த புள்ளைக்காக ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்று அவள் மூக்கைச் சிந்தியபின் மனிதரால் சும்மா இருக்க முடியுமா? மீனை ஏலத்தில் விட்ட கையோடு, கைலி ஈரம்கூடக் காயாமல் வந்து நின்றுவிட்டார்.

குந்தவை பொறுமையாகத்தான் சொன்னாள். "போன வருஷம் உங்க ஊர்ப் பிள்ளைங்க நாலு பேரைச் சேர்த்தோம்ணே. ரெண்டாம் நாளே, காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்கே பாடம் எடுத்தாங்க. அதைப் பாத்துட்டு மத்த பிள்ளைங்க கூச்சப்பட்டு ஒதுங்கிருச்சுங்க. அதான் இந்தத் தடவை, படகுல காலே வெக்காத பிள்ளைங்க மட்டும்னு வெச்சோம்."

"அதைத்தானே நானும் கத்திக்கிட்டிருக்கேன்! என் புள்ள படகுல கால் வெச்சதே இல்ல!"

குந்தவை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு உத்திராபதிக்குச் சுருக்கென்று தைத்தது.

"யாருக்குண்ணே காது குத்தறீங்க? பதினாலு வயசாவுது. அதோ நிக்குதே, அது உங்க போட்டுதானே?"

கொட்டகைக்கு எதிரே மணலில் ஏற்றி நிறுத்தியிருந்த நீலநிற ஃபைபர் படகில் 'பரிதி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"புள்ளை பேரையே போட்டுக்கு வெச்சிருக்கீங்க. அந்தப் புள்ளை அதுல ஏறினதே இல்லைன்னா யாரு நம்புவா?"

"நான் பொய் சொல்றேங்கிறீங்களா? மாரியம்மன் மேல சத்தியம்மா! ஊருக்குள்ள யாரை வேணாலும் கூப்புட்டுக் கேளுங்க. நான் கடலுக்குப் போறப்ப கரையில நின்னு கையாட்டும். திரும்பி வர்றப்ப ஓடியாந்து கயித்தப் புடிக்கும். அவ்வளவுதான்!"

படகு கண்ணுக்கு மறைகிற வரை மணலிலேயே நிற்கிற பிள்ளை. அதைப் போய் ஒதுக்க எப்படித்தான் மனசு வந்ததோ இவர்களுக்கு!

"இன்னிக்கு என் புள்ளைக்கு இடம் இல்லைன்னா உங்க படகு ஒண்ணுகூட எங்க தண்ணியில எறங்காது. ஊரைக் கூட்டிடுவேன், ஆமா!"

குந்தவை ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சரிண்ணே. கூடுதலா ஒரு இடம் போடறேன். ஆனா என்னை மேல கேப்பாங்க. உங்க பிள்ளை இதுவரைக்கும் படகுல ஏறினதில்லைன்னு எழுதுங்க. ஏன் ஏறலைங்கிற காரணத்தையும் போட்டு, கீழ உங்க பேரை எழுதிக் குடுங்க."

"அப்படி வாங்க வழிக்கு!" உத்திராபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழுத்துக் கூட்டி முதல் வரியை எழுதி முடித்தார். இரண்டாவது வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். இப்போது சிரிப்பது அவர் முறை.

"ஏன் ஏறலைன்னா என்னம்மா எழுதறது? இதெல்லாம் ஒரு கேள்வியா? பொம்பளப் புள்ள கால் பட்ட போட்டுல மீன் படுமா? அழுது பொரண்டப்பக்கூட நான் ஏத்துனதில்ல. உங்க படகுல வலையும் இல்ல, மீனும் இல்ல. அதனால அனுப்பறேன்."

லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக்கொண்டிருந்த குந்தவையின் கை நின்றது.

"அப்படியே எழுதுங்கண்ணே," என்றாள்.

தன் பிள்ளையைத் தள்ளி வைத்தவன் பெயரை எழுத்தில் கேட்டு வந்த உத்திராபதி, இரண்டாவது வரியையும் எழுதி, அதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, தாளின் அடியில் தன் பெயரை எழுதினார்.