வண்டி ஆடுது

"பின்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரையும் மாத்தியாச்சு, அகலமான டயரும் போட்டாச்சு. இன்னும் வளைவுல வண்டி ஆடுதுய்யா!"

குரோம்பேட்டை மெக்கானிக் கடையில் அனந்தகிருஷ்ணன் போட்ட கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. மனைவி ரோஹிணி இரண்டு ஹெல்மெட்டுகளோடு பக்கத்தில் நின்றாள்.

"நான் ஓட்டிப் பாத்தேன் சார். ஆடாமதான் போவுது," என்றார் மெக்கானிக் துலுக்காணம்.

"அப்ப நான் பொய் சொல்றேனா? பொழிச்சலூர் போய்ட்டு வர்றதுக்குள்ள உயிர் போகுது! ஹேண்டில்பார் ஆடாம இருக்க டேம்பர்னு ஒண்ணு வருதாமே, அதையும் மாட்டு!"

"இன்னாத்துக்கு சார் வீண் செலவு? ஒரு ரவுண்டு போய்க் காட்டுங்க."

"காட்டறேன், நல்லாப் பாரு!"

ரோஹிணி ஒரு ஹெல்மெட்டை அவரிடம் நீட்டினாள். மற்றதைத் தான் மாட்டிக்கொண்டு, முன்னால் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். அனந்தகிருஷ்ணன் பின்னால் தொற்றிக்கொண்டார்.

முதல் திருப்பத்திலேயே அவருடைய கைகள் இரண்டும் பறந்தன. "பஸ் வருது! லெஃப்ட்ல ஒதுங்கு! பிரேக்கைப் பிடி, பிரேக்கு!" அவர் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயச் சாய, வண்டி ஆடியது.

ரோஹிணி சடாரென்று வண்டியைத் திருப்பிக் கடை வாசலில் நிறுத்தினாள்.

"அண்ணா, ஷாக் மாத்தியாச்சு, டயர் மாத்தியாச்சு. பின் சீட்டுக்கு வேற ஆள் ஸ்டாக் இருக்கா?"