ஒன்பது மணி மன்னிப்பு

“திட்டுனது ராத்திரி ஒன்பது மணிக்கு. மன்னிப்புக் கேக்கது விடியக்காலம் அஞ்சு மணிக்கா? எவன்வே முழிச்சிருப்பான்? பால்காரனா?”

வக்கீல் ஆபீஸ் மேஜையில் ஓங்கி அறைந்தார் இன்பமணி. தச்சநல்லூரில் இரும்புக்கடை. பழைய இரும்பைத் தலையில் சுமந்து ஆரம்பித்த ஆள். பேரத்தில் அவரை ஜெயித்தவர் கிடையாது.

எதிரே இருந்த தளவாய், டிவி சேனலின் மேனேஜர், நெற்றியைத் துடைத்தார். “இல்ல அண்ணாச்சி, கீழ ஓடுற எழுத்துல போடுதோம்னு…”

“கீழ ஓடுற எழுத்தா? எங்க மாப்ளய அப்படியா நாறடிச்சிய? செவப்புக் கட்டம் கட்டி, மேளம் அடிச்சி, ‘சொந்தக்காரனுக்குப் படகு, ஏழைக்குச் சாவு’ன்னு கூப்பாடு போட்டியளே! அதே ஒன்பது மணி. கத்துன அதே ஆளு. மேளத்தையும் அடியும். அதுக்குக் கொறஞ்சா எந்திரிச்சுப் போவும்!”

வக்கீல் தாவூது சிரிப்பை அடக்கிக்கொண்டார். கோர்ட்டில் வருஷக்கணக்காக வாதாடி அவர் வாங்காததை, அண்ணாச்சி ஒரு காப்பி ஆறுவதற்குள் வாங்கிக்கொண்டிருந்தார்.

அவதூறு வழக்குப் போட்ட கர்னல் ஹெப்ரான், இன்பமணியின் தங்கை புருஷன், ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

தாமிரபரணி பொங்கி வந்தபோது ராணுவ மீட்புப் படைக்கு அவர்தான் தலைமை. ஆற்றோரம் கூரைமேல் தவித்த ஒரு கிழவரைத் தூக்கப் போன படகை, பாதி வழியில் இன்பமணியின் தெருவுக்குத் திருப்பச் சொன்னார். அங்கே ஒரு பெண் பிரசவ வலியில் துடிப்பதாக முகாமுக்கு போன் வந்திருந்தது.

போய்ப் பார்த்தால் பிள்ளைத்தாச்சி யாரும் இல்லை. கையை நீட்டிய இன்பமணியின் அம்மாவையும் மனைவி டார்லினையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். படகு மறுபடி ஆற்றோரம் போனபோது கூரையும் இல்லை, கிழவரும் இல்லை.

மச்சான் குடும்பத்துக்காகப் படகைத் திருப்பினார் கர்னல் என்றது சேனல். போன் வந்த கதையை யாரும் நம்பவில்லை. பாளையங்கோட்டையில் இன்றைக்கும் அவர் சர்ச்சில் போய் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்து வேறு இடம் பார்க்கிறார்.

“சரி அண்ணாச்சி, ஒன்பது மணிக்கே கேக்கோம்,” என்று இறங்கி வந்தார் தளவாய். “ஆனா ஒண்ணு. முகாமுக்கு வந்த அந்த போன் பதிவு நேத்து கைக்கு வந்துட்டுன்னு வக்கீல் சார் சொன்னாரு. அதத் தாங்க. அதப் போட்டாத்தான் நாங்க தப்பாச் சொல்லிட்டோம்னு சனம் நம்பும்.”

“போடும்வே! மூணு தடவ போடும்! பொய் சொல்லிப் படகத் திருப்புன அந்த எடுபட்ட மூதி கொரல ஊரே கேக்கட்டும். கெழவன் உசுர முழுங்குன நாக்குல்லா அது!”

முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகத் தளவாய் வெளியே போனார்.

“வேண்டாம் மச்சான்,” என்றார் கர்னல். “வழக்க வாபஸ் வாங்கிடுதேன்.”

இன்பமணிக்குக் கண் சிவந்துவிட்டது.

“என்னது? தெரியாமத்தான் கேக்கேன் மாப்ள, அவன்ட்ட எவ்வளவு வாங்கினிய? என் தங்கச்சி கடைகண்ணிக்குப் போக முடியாம வீட்டுக்குள்ள கெடந்து அழுதா. கையில ஆதாரத்த வச்சிக்கிட்டு வாபஸாம்! பட்டாளத்துக்காரர்னு வெளிய சொல்லிராதிய. எவனோ செஞ்ச பாவத்த நீங்க எதுக்குய்யா சொமக்கணும்?”

வக்கீல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கர்னல் செல்போனை எடுத்து இன்பமணியின் காதில் வைத்தார்.

“சார், சீக்கிரம் வாங்க சார்… நெறமாசக்காரி சார்… வலி வந்துட்டு…” ஒரு பெண் குரல். மழை இரைச்சலுக்குப் பின்னால் இன்னொரு குரல், வயதானது: “ஏட்டி டார்லின், கட்டிலு மெதக்குட்டி!”

இன்பமணி செல்போனைப் பிடுங்கி இன்னொரு தடவை கேட்டார்.

“நானும் நேத்துதான் கேட்டேன்,” என்றார் கர்னல். “அத்தை தண்ணில மெதக்காங்க. ஒங்க வீட்டம்மா வேற என்னத்தச் சொல்லுவாங்க, பாவம்?”

கதவு திறந்தது. தளவாய் முகம் முழுக்கச் சிரிப்பு.

“முதலாளி எல்லாத்துக்கும் சரின்னுட்டாரு அண்ணாச்சி. நாளைக்கே ஒன்பது மணிக்கு வச்சிருவோம். அந்தப் பதிவ மட்டும் தாங்க.”

இன்பமணி செல்போனை அணைத்து, கர்னலின் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

“எந்தப் பதிவுவே?”