ஜெயக்குமாரின் படகு

தில்லை நகரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த ஜெயக்குமாருக்கு முத்துப்பேட்டையில் சொந்தமாக ஒரு சிறிய படகு இருந்தது. மாதம் ஒருமுறை திருச்சியில் பஸ் ஏறிப் போய், அலையாத்திக் காட்டுக்கு நடுவே, கடல் தொடங்கும் இடம்வரை ஓட்டிவிட்டு வருவார்.

"நீயும் ஒருநாள் வாயேன்" என்று ஒவ்வொரு தடவையும் மனைவி மணிமேகலையைக் கூப்பிடுவார். தண்ணீர் என்றாலே பயப்படும் அவள், "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்று தட்டிக்கழித்துவிடுவாள். பதினெட்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அவர் இறந்து ஐம்பது நாள் கழித்து, படகைக் கவனித்துக்கொண்டிருந்த மதுரைவீரனிடமே அதைக் கொடுத்துவிடலாம் என்று அவள் முத்துப்பேட்டைக்கு வந்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போப்பா."

மதுரைவீரன் பின்னால் உட்கார்ந்து ஓட்டினான். அவள் நடுப்பலகையில், விளிம்பை இறுகப் பிடித்தபடி இருந்தாள். முன்பலகையில் யாரும் இல்லை. எதிரே வந்த மீனவர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், ஒருவழியா அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டீங்க!"

அவர் படகு கடந்து போனது. மணிமேகலை காலிப் பலகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப லேட்டா வந்துட்டேங்க" என்றாள்.

கரையில் மதுரைவீரன் முதலில் குதித்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவள் இறங்கியதும், பாரம் குறைந்த படகு லேசாக மேலெழுந்தது. சற்றுப் பொறுத்து, இன்னொரு முறை மேலெழுந்தது.