வேரோடு ஆறு

ஜூன் 3: இன்று ஒரு சின்னத் தவறு. தினமும் இரண்டு தடவை அளக்க வேண்டாமே என்று, செடிக்கு ஊற்றும் ஏ பாட்டில் சத்தையும் பி பாட்டில் சத்தையும் முன்கூட்டியே ஒன்றாகக் கலந்து வைத்தேன். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகத் தங்கியது. பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன்.

ஆனது.

மூன்றே வாரத்தில், சமையல் மேடை மேல் விளக்கு வெளிச்சத்தில் ஜம்மென்று நின்ற ஆறு லெட்டூஸ் கீரைச் செடிகளும் மஞ்சளாகி, ஓரம் கருகி, தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. செடி தின்ன வேண்டிய சத்தெல்லாம் பாட்டிலின் அடியில் கெட்டியாகிக் கிடந்தது.

"பச்சைக் குழந்தைக்குக்கூட யாரும் இப்படி அளந்து ஊத்த மாட்டாங்க. அளந்து அளந்தே கொன்னுட்டியேடி," என்றாள் அக்கா, வெங்காயம் நறுக்க இடம் வேண்டி செடிகள் நின்ற வெள்ளைப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே.

தங்கைக்கு அழுகை முட்டியது. பகல் முழுக்க ஜெராக்ஸ் கடையில் ஊரார் காகிதங்களை நகலெடுத்துவிட்டு, ஆறு வாரமாக மாலை வகுப்புக்கு ஓடியிருக்கிறாள். மண்ணே இல்லாமல், வீட்டுக்குள் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் வகுப்பு. மொத்தம் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஆறு குழி. கடைசி நாளில் செடிகளையும் அன்றாடக் குறிப்பு நோட்டையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தேறியவர்களில் ஒருவருக்கு டீச்சரின் பண்ணையிலேயே வேலை. இது போனால் ஆயுசுக்கும் ஜெராக்ஸ் மெஷின் சூடுதான்.

கடைசி நாள், நாளை.

"உங்க கிளாஸ் தெரு முனையில காய்கறிக் கடை இருக்கே, அங்க வேரோடயே விக்கிறான். வாங்கிட்டு வந்து சொருகு," என்றாள் அக்கா.

"அது மோசடிக்கா."

"நீ பண்ணது கொலை. மோசடி அதுக்குக் கீழதான்."

அரை மணி நேரம் யோசித்துவிட்டுக் கிளம்பினாள். கடையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அண்ணே... லெட்டூஸ், வேரோட இருக்கா?"

"கடைசி ஆறு இருக்கும்மா. உனக்குன்னே எடுத்து வெச்ச மாதிரி." எதற்கு என்று கடைக்காரர் கேட்கவேயில்லை. காசைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டில் அக்காவும் தங்கையுமாகக் காரியத்தை முடித்தார்கள். செத்தவை ஆறும் குப்பைக்கூடைக்குப் போயின. புதியவற்றின் வேரை அலசி, குழிக்கு ஒன்றாக உட்கார வைத்தார்கள். அக்கா கை கழுவித் திரும்பியபோது தங்கை நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"மாலை 5.40. முனைக் கடை. லெட்டூஸ் ஆறு, வேரோடு. கடையில் மீதி: இல்லை."

"அடிப்பாவி! திருடப் போறவ வீட்டு விலாசத்தை எழுதி வெச்சுட்டுப் போவாளாடி? கிழி அந்தப் பக்கத்தை!"

"பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கேன்கா. நாப்பத்தொண்ணு இல்லேன்னா தெரிஞ்சிடும்."

"எழுதாமலாவது இருந்திருக்கலாமில்ல?"

"அது எனக்கு வரலைக்கா."

மறுநாள் வகுப்பறை மேஜைகளில் பன்னிரண்டு பெட்டிகளும் பச்சைப் பசேலென்று இருந்தன. மற்ற எல்லோரும் ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள், நான் ஒருத்திதான் ஃப்ராடு என்று அவளுக்குக் காது சுட்டது. டீச்சர் ஒவ்வொரு பெட்டியாக இலையைத் தொட்டுப் பார்த்து, "சபாஷ்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யார் நோட்டையும் பிரிக்கவில்லை.

அவள் நோட்டைப் பிரித்தார்.

பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்ட நோட்டை வேறெங்கும் அவர் பார்த்திருக்க மாட்டார். நின்றபடியே புரட்டிக்கொண்டு போனவர், ஒரு பக்கத்தில் நின்றார். "கிளாஸ் முடிஞ்சதும் நீ மட்டும் இரு."

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்தினார். "நாப்பத்தொண்ணாம் பக்கம் படிச்சேன்."

"மன்னிச்சிடுங்க டீச்சர். என் தப்பால செடி செத்துப்போச்சு. பண்ணை வேலை கிடைக்காம போயிடுமேன்னுதான்..."

"இதை எழுதாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"எழுதாம இருக்க முடியல டீச்சர்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்கு மட்டும்."

"அதோட நிறுத்திக்க." டீச்சர் அந்தப் பக்கத்தின் கடைசி வரியை இன்னொரு தடவை விரல் வைத்துப் படித்தார். பிறகு ஒரு சீட்டில் ஏதோ எழுதி, மடித்து நீட்டினார். "வேலை உனக்குத்தான். நாளைக்கு என்ன செய்யணும்னு இதுல இருக்கு. வீட்டுக்குப் போய்ப் பாரு."

வீடு வந்து சேரும்வரை அவள் கால் தரையில் படவில்லை. "உண்மையை எழுதினதுக்குக் கிடைச்ச வேலைக்கா!" என்று தேம்பினாள். இப்படியும் மனுஷங்க இருக்காங்களா என்று அக்கா அதிசயப்பட்டுப்போய், சமையல் மேடையைத் துடைத்து, புது நோட்டு ஒன்றைத் தானே எடுத்து வைத்தாள்.

தங்கை முதல் பக்கத்துக்கு நம்பர் போட்டுவிட்டுச் சீட்டைப் பிரித்தாள். இரண்டு தடவை படித்தாள். எழுதாமல் இருக்க வராததால், இதையும் எழுதினாள்.

"நாளைய வேலை: காலை வகுப்பு பன்னிரண்டு பேருக்கு நாளை மறுநாள் கடைசி நாள். பண்ணையிலிருந்து லெட்டூஸ் எழுபத்திரண்டு, வேரோடு எடுத்து, எட்டு மணிக்குள் முனைக் கடையில் போட வேண்டும்."