இரண்டு குதிகாலும் தரையில்

"ஷூவக் கழட்டிட்டு ஏறுங்க."

மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள். டவர்காரர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

ஷூவுக்குள் இருந்தது கால் மட்டுமல்ல. ஒவ்வொன்றிலும் மூன்று அட்டைத் துண்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெட்டித் திணித்தவை. வழியெல்லாம் கொக்கு மாதிரி நடந்து வந்தார். அத்தனை பாடும் ஒரே வார்த்தையில் போயிற்று.

எதிரே நின்றது அந்த வண்டி. தார் ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத இடத்திலும் ஓடும் என்று பேர் வாங்கிய ரகம். பழைய பைக்குகளை வாங்கி விற்கும் மெக்கானிக்கின் ஷெட்டில் மற்றதெல்லாம் ஆட்டுக்குட்டிகளாக நிற்க, இது மட்டும் ஒட்டகமாக நின்றது.

நேற்றைவிட இன்று ஒட்டகம் கொஞ்சம் சாதுவாகத் தெரிந்தது. பயம் தெளிந்தால் எல்லாம் சின்னதாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

டவர்காரரின் வேலை செல்போன் டவர்களில் ஏறிப் பழுது பார்ப்பது. உச்சியில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு நட்டு முடுக்குவார். கீழே நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும். உயரம் என்றால் அவருக்குப் பயமே இல்லை.

உயரம்தான் இல்லை.

டவர்கள் எல்லாம் கல்லும் முள்ளுமான மேடுகளின் தலையில். ஸ்கூட்டர் பாதி வழியில் மூச்சை விட்டுவிடும். மிச்சத்தை டூல்ஸ் பையோடு நடந்தே ஏறி, முட்டி இரண்டும் அவரை வைய ஆரம்பித்திருந்தன. நடக்க முடியாவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்து புகார் போன் எடுக்கட்டும் என்று மேனேஜர் நாற்காலியே காட்டிவிட்டார். இந்த வண்டி அல்லது அந்த நாற்காலி.

வண்டிக்கு மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. இரண்டு குதிகாலும் தரையில் பதிய வேண்டும்.

போன வருஷம் சிநேகிதனின் உயரமான வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தப் போய், கால் எட்டாமல், நின்ற வண்டியோடு மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தவர் அவர். தோளெலும்பு முறிந்தது. ஒன்றரை மாதம் சாப்பாடு ஊட்டி, தலை வாரி, சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டவள் அவள். அவளிடம் எந்த முகத்தோடு மல்லுக்கு நிற்பது?

நேற்று மாலை, வீட்டுக்குத் தெரியாமல், தனியாக வந்து ஏறிப் பார்த்திருந்தார். கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொட்டது.

மெக்கானிக் நல்ல மனசோடுதான் சொன்னான்: "அண்ணே, பின்னாடி ஷாக் அப்சார்பரைக் கொஞ்சம் எறக்கி, சீட்ல ஃபோமை வெட்டிட்டா உங்களுக்குக் கச்சிதமா இருக்கும்ணே."

"அதெல்லாம் குள்ளமா இருக்கறவங்களுக்குச் செய்யுப்பா" என்று முறைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதே மெக்கானிக் இப்போது முகத்தில் களையில்லாமல் நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன. பாவம், வியாபாரம் கைவிட்டுப் போகிறதே என்று அழுதிருப்பான்.

"என்னங்க, ஷூ காலோட ஒட்டிக்கிச்சா?"

கழற்றினார். ஓர் அட்டை வெளியே எட்டிப் பார்த்தது. சட்டென்று உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தால், மனைவி ஏனோ மும்முரமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறுங்காலோடு ஏறினார். மெக்கானிக் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நிமிர்த்தினான். டவர்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கால்களை இறக்கினார்.

சில்லென்று இருந்தது.

கட்டைவிரலில் இல்லை. குதிகாலில்.

கண்ணைத் திறந்தார். இரண்டு பாதமும் சிமென்ட் தரையில் இஸ்திரி போட்ட மாதிரி படிந்திருந்தன. அசைத்துப் பார்த்தார். படிந்தேதான் இருந்தன.

எப்படி?

நேற்று நாள் முழுக்க டவர் ஏறின களைப்பில் கால் சுருங்கியிருக்கும். ராத்திரி நல்ல தூக்கத்தில் நீண்டிருக்கும். உடம்பென்றால் அப்படித்தானே. இந்த விளக்கம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"பாத்தியா? வண்டி பாக்கத்தான் ஒசரம். என்னமோ நான் கட்டையா இருக்கற மாதிரியே பேசினியே."

"யாரு சொன்னா உங்களைக் கட்டைன்னு? எறங்குங்க, எடுத்துக்கலாம்."

மெக்கானிக்குக்குத் திடீரென்று இருமல் வந்தது.

டவர்காரர் ராஜநடை போட்டு, ஷூவைத் தூக்கிக்கொண்டு, பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் போய்க் குந்தினார். அட்டைகளை யார் கண்ணிலும் படாமல் உருவியாக வேண்டுமே. உருவினார். ஒரு டயருக்குள் போட்டார். குந்திவிட்டால் அவர் இருக்கிற சுவடே வெளியில் தெரியாது. வாசல் பக்கம் போய்விட்டதாகவே மற்ற இருவரும் நினைத்திருக்க வேண்டும்.

"தம்பி" என்று மனைவியின் குரல் தணிந்து வந்தது. "நேத்து நான் போன்ல சொன்னபடி பின்னாடி எறக்கிட்டீங்க, சரி. சைடு ஸ்டாண்டையும் அதே அளவுக்கு வெட்டினீங்களா? பழைய நீளத்திலயே விட்டா வண்டி சாஞ்சு நிக்காது. லேசா தட்டினாலே அந்தப் பக்கம் விழுந்துடும். அவரும் கூட விழுவாரு."

"வெட்டியாச்சுக்கா. விடிய விடிய அதான் வேலை. சீட்டுக்குக்கூடப் பழைய கவரையே போட்டுத் தச்சுட்டேன். அண்ணனுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியவும் வேணாம்."

டயர் அடுக்குக்குப் பின்னால் டவர்காரர் இரண்டு ஷூவுக்கும் லேஸ் கட்டி முடித்திருந்தார்.

சத்தம் வராமல் இரண்டையும் அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்.