கையேட்டில் ஆம்பூர்

பிரசிடெண்ட் கோதண்டராமன் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு மண்ணை மோந்து பார்த்தார். சரிகைத் தலைப்பாகை தரையில் படாதபடி அதை இடது கையால் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, தீர்ப்புச் சொல்பவரைப் போலத் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னும் வருது."

"இன்னா வருது சாப்?" என்றார் பக்கத்தில் நின்ற மக்பூல் அகமது. மைதானத்தை ஒட்டிய, தோல் பதனிடும் டேனரி அவருடையது.

"நாத்தம்யா, நாத்தம்! உங்க தோல் நாத்தம்!"

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில் கிடந்த அந்தப் பொட்டலுக்கு 'விமான இறங்குதளம்' என்று பெயர் சூட்டியவர் கோதண்டராமன். அதற்கென்று ஒரு கமிட்டி வைத்து, அதற்குத் தானே பிரசிடெண்டாகவும் ஆகிவிட்டார். கமிட்டியில் வேறு யாராவது இருந்ததாகத் தகவல் இல்லை.

விமானிகள் மடியில் வைத்துக்கொண்டு பறக்கும் கையேடு ஒன்று உண்டு. எந்த ஊரில் இறங்கலாம், அந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் அதில் போட்டிருக்கும். புதுப் பதிப்பில் ஆம்பூருக்கு இடம் உண்டா இல்லையா என்பதை, இன்று வந்து இறங்கப்போகும் மதராஸ் விமானி சுப்பராயன்தான் சொல்லவேண்டும். கையேட்டில் ஊர் நிலைத்தால் வெள்ளைக்கார சர்க்கார் கொடுக்கும் ராவ் சாகிப் பட்டம் தம் வீட்டு வாசலுக்கே நடந்து வரும் என்று கோதண்டராமன் உறுதியாக நம்பினார்.

போன மார்கழியிலும் இதே மாதிரி மூடுபனியில்தான் சுப்பராயன் வந்தார். இறங்கியதும் மூக்கைச் சுளித்தார், ஒரு சிரிப்புச் சிரித்தார், கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் என்னவோ குறித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாகக் கோதண்டராமனைத் தூங்கவிடவில்லை.

அதனால்தான் லைசென்ஸில் கை வைத்துவிடுவேன் என்று மிரட்டி, டேனரியை ஒரு வாரம் மூடவைத்திருந்தார். மைதானம் முழுக்கப் பன்னீர் தெளிக்கச் சொல்லியிருந்தார்.

"தொட்டியெல்லாம் காலி சாப்," என்றார் மக்பூல். "ஊறப்போட்ட தோலெல்லாம் வண்டியேத்தி வாணியம்பாடிக்கு அனுப்பிட்டேன். ஆளுங்க வேலையில்லாம குந்தினு கிறாங்க. ஒரே பேஜாரா போச்சு. இதுக்கு மேலயும் வருதுன்னா, உங்க மூக்கைத்தான் அனுப்பணும்."

அப்போது பனிக்கு மேலே எங்கேயோ உறுமல் கேட்டது. கோதண்டராமன் தலைப்பாகையைச் சரிசெய்தார். மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். உறுமல் தலைக்கு மேலே வந்தது, சுற்றியது, தயங்கியது, மேற்கே தேய்ந்து மறைந்தது.

"போய்ட்டான்!" என்று கத்தினார் கோதண்டராமன். "நாத்தம் புடிக்காம போய்ட்டான்! பாய், உண்மையைச் சொல்லுங்க. எங்கயோ ஒரு தோலை வெச்சிருக்கீங்க!"

"ஏன், அதோ அந்தத் தவில்ல ரெண்டு பக்கமும் தோல்தானே சாப்?"

கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பிரசிடெண்டுகளுக்குக் கிடையாது. தவில்காரர் உடனே ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்தப்பட்டார். நாதஸ்வரம் மட்டும் தனியாக நின்று அழுதது.

"உங்க கால்ல கூட..." என்று மக்பூல் இழுத்தார்.

கோதண்டராமன் குனிந்து பார்த்தார். விழாவுக்கென்று வாங்கிய புதுச் செருப்பு. அடுத்த நிமிஷம் அது பாலாற்று மணலில் போய் விழுந்தது.

உறுமல் திரும்ப வந்தது. இந்தத் தடவை இன்னும் தாழ்வாக, இன்னும் நேரம் எடுத்துச் சுற்றியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! கோபம் கம்மியாயிடுச்சு!" வெறுங்காலில் குதித்தார் கோதண்டராமன். "பன்னீர் எங்க? இன்னும் ஊத்துங்கய்யா! குடத்தோட ஊத்துங்க!"

குடத்தோடு ஊற்றினார்கள். உறுமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிழக்கே போனது. அப்புறம் வரவேயில்லை.

பனி விலகி, வெயில் ஏறி, கூட்டம் கலைந்து, வரவேற்புக்கு வாங்கிய மாலையும் வாடிய பிறகு, ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. முழங்கால் வரை சேற்றோடு சுப்பராயன் இறங்கினார். கோதண்டராமன் மாலையோடு ஓடினார். சுப்பராயன் அதைத் தள்ளிவிட்டார்.

"காட்பாடி தாண்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லையில எறக்கினேன். சக்கரம் ஒடிஞ்சு போச்சு. ரயிலைப் புடிச்சு வர்றேன், இந்த ஊரை நம்பி வந்த பாவத்துக்கு!" சட்டைக்குள்ளிருந்து கையேட்டை எடுத்தார். காதில் செருகியிருந்த பென்சிலையும் எடுத்தார். "இனிமே ஆம்பூர் இதுல கிடையாது. அடிச்சுடப் போறேன்."

கோதண்டராமன் மாலையைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார்.

"ஐயோ, அடிச்சுடாதீங்க சார்! நீங்களே நல்லா மோந்து பாருங்க. தொட்டி காலி, டேனரி பூட்டு, பேருக்கு ஒரு தோல் இல்ல. போன தடவை நீங்க மூக்கைச் சுளிச்சீங்களே, அந்த நாத்தத்துல ஒரு துளி இருந்தா என் தலையை எடுத்துடுங்க! உங்களுக்காகத்தான் சார் எல்லாத்தையும் ஒழிச்சேன்!"

சுப்பராயனின் பென்சில் நின்றது. பூட்டிக் கிடந்த டேனரியைப் பார்த்தார். மூச்சை ஒரு இழுப்பு இழுத்தார். பன்னீர் மணத்தது.

"யோவ், பனியில அந்த நாத்தத்தை மோந்துதானய்யா நாங்க எறங்கறதே!"